1979 டேடோனா 500: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களில் அதிகம் பேசப்பட்டது எது என்று கேட்டால், 1979 பிப்ரவரி 18 அன்று புளோரிடாவில் நடந்த டேடோனா 500 என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இரண்டு கார்களும் மோதிக்கொண்டன. வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தவர் ஜெயித்தார். மோதியவர்கள் புல்வெளியில் கைகலந்தார்கள். பலருக்கும் இவ்வளவுதான் தெரியும். அந்த அடிதடிப் புகைப்படம் ஓர் அருமையான ரேஸை மறைத்துவிட்டது, முக்கியமாக அதில் டானி அலிசன் ஓட்டிய ஓட்டத்தை மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம். அதனால்தான் இந்த ரேஸைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஸ்டாக் கார் ரேஸ் என்றால் என்ன? ஃபார்முலா 1 மாதிரியா?

இல்லை. ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது. ஸ்டாக் கார், கடையில் விற்கும் சாதாரணக் காரிலிருந்து வந்தது. 1979 வாக்கில் உள்ளே இருந்த சட்டகமும் எஞ்சினும் முழுக்கப் பந்தயத்துக்காகக் கட்டியவைதான் என்றாலும், வெளியே பார்த்தால் ஓல்ட்ஸ்மொபைல், பியூக், ஃபோர்டு என்று தெருவில் ஓடும் கார்களின் உருவம்தான். இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பு நாஸ்கார். நம் கோவை நரேன் கார்த்திகேயன்கூட 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டியிருக்கிறார்.

டேடோனா தடம் 1959-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.5 மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். 200 சுற்று ஓடினால் 500 மைல். வளைவுகள் 31 டிகிரி சாய்வில் சுவர் போல எழும்பி நிற்கும். அந்தச் சாய்வு இருப்பதால் வளைவிலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. 1979-ல் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த பட்டி பேக்கரின் வேகம் மணிக்கு 196.049 மைல், ஏறக்குறைய 315 கிலோமீட்டர். ரேஸில் அவர் கார் பழுதாகி சீக்கிரமே ஒதுங்கிவிட்டார்.

யார் யாரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

நான்கு பேர் போதும்.

டானி அலிசன், 1-ம் எண் ஓல்ட்ஸ்மொபைல். அலபாமாவின் ஹியூடவுனைச் சேர்ந்த அலிசன் சகோதரர்களில் இளையவர். அவருடைய அண்ணன் பாபி அலிசன், 15-ம் எண் ஃபோர்டு. பாபி முந்தைய ஆண்டு, 1978-ல், இதே டேடோனா 500-ஐ ஜெயித்தவர். கேல் யார்பரோ, 11-ம் எண் ஓல்ட்ஸ்மொபைல். தென் கரோலினாக்காரர். 1976, 77, 78 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் சாம்பியன். அப்போது யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஓட்டுநர் என்றால் அவர்தான். நான்காமவர் ரிச்சர்ட் பெட்டி, 43-ம் எண் ஓல்ட்ஸ்மொபைல். நாஸ்காரின் ராஜா என்றே அவரை அழைப்பார்கள். ஆனால் 1977 ஜூலைக்குப் பிறகு 45 ரேஸ்களில் அவர் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

டெலிவிஷனில் முழுதாக நேரடி ஒளிபரப்பான முதல் நாஸ்கார் ரேஸ் இதுதானா?

அப்படித்தான் பல இடங்களில் எழுதியிருக்கும். அது முழு உண்மை அல்ல. 1971-ல் தென் கரோலினாவின் கிரீன்வில்-பிக்கன்ஸ் என்ற அரை மைல் தடத்தில் நடந்த சிறிய ரேஸ் ஒன்றை ஏபிசி என்ற டிவி நிறுவனம் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் காட்டியது. 500 மைல் ரேஸ் ஒன்றை அமெரிக்கா முழுவதற்கும் கொடி அசைத்ததிலிருந்து கடைசி வரை நேரலையில் காட்டியது 1979 டேடோனா 500-தான் முதல் முறை. காட்டியது சிபிஎஸ் என்ற டிவி நிறுவனம். அதுவரை இவ்வளவு நீளமான ரேஸ்களை வெட்டிச் சுருக்கி, பல நேரம் நாள் கடந்துதான் போடுவார்கள். நாலு மணி நேரம் கார்கள் சுற்றிச் சுற்றி வருவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற நினைப்புதான் காரணம்.

அன்று இயற்கையும் சேர்ந்துகொண்டது. கிழக்கு அமெரிக்காவில் கடும் பனிப்புயல். மக்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஞாயிற்றுக்கிழமை. தெற்கத்திக்காரர்களின் விளையாட்டு என்று நாஸ்காரை ஒதுக்கி வைத்திருந்த வடகிழக்கு ஊர்களிலும் அன்று டிவி அதைத்தான் காட்டியது. சுமார் 1.5 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு.

டேடோனாவில் மழை பெய்ததாமே? பிறகு எப்படி நடத்தினார்கள்?

ஆமாம், காலையில் மழை பெய்து தடம் ஈரமாக இருந்தது. இந்த வகை கார்கள் மழுமழுவென்ற டயரில் ஓடுபவை, ஈரத்தில் பிடிப்பே இருக்காது. ஆனால் நேரலைக்கு நேரம் குறித்தாயிற்று. அதனால் ரேஸ் தொடங்கியதைக் குறிக்கும் பச்சைக் கொடியையும், மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடியையும் சேர்த்துக் காட்டி, கார்களை மெதுவாகச் சுற்ற விட்டார்கள். 41 கார்களின் சூட்டிலும் காற்றிலும் தடம் காய்ந்தது. முதல் 15 சுற்று அப்படியே போயிற்று, அவையும் 200-ல் சேர்த்திதான்.

தடம் காய்ந்துவிட்டது. தடத்துக்கு உள்பக்கம் இருந்த புல்வெளி காயவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ரேஸின் தலையெழுத்தை இரண்டு முறை எழுதியது அந்தச் சேறுதான்.

32-வது சுற்றில் என்ன நடந்தது?

டானி, பாபி, கேல் மூவரும் பின்பக்க நேர்ப்பாதையில் ஒருவரை ஒருவர் உரசுகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தபோது தடுமாறிச் சுழன்று, அந்த ஈரப் புல்லுக்குள் போய் விழுந்தார்கள். சேற்றிலிருந்து மீண்டு வருவதற்குள் டானிக்கு ஒரு சுற்று போய்விட்டது, கேலும் பாபியும் அதைவிடப் பின்தங்கினார்கள். கேல் இதற்குப் பாபியைத்தான் குற்றம் சொன்னார். கடைசிச் சுற்றுக்குப் பிறகு நடந்த சண்டைக்கு விதை இங்கேதான் விழுந்தது. கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு, பாபி மேல் கேலுக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று புரியவே புரியாது.

சுற்றுகளை இழந்தவர்கள் எப்படி மறுபடி முன்னணிக்கு வந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் டானியும் கேலும் அன்று என்ன செய்தார்கள் என்பது விளங்கும்.

தடத்தில் விபத்து நடந்தால் மஞ்சள் விளக்கு எரியும், மஞ்சள் கொடி காட்டுவார்கள். அந்தக் காலத்து விதிப்படி, விளக்கு எரிந்த உடனே வரிசை உறைந்துவிடாது. எல்லைக் கோட்டை வந்து தொடும் வரை போட்டி போட்டு ஓட்டலாம். ஒரு சுற்றுப் பின்தங்கியவர், ரேஸில் முதலாவதாக இருப்பவரை முந்திக்கொண்டு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், இழந்த சுற்று அவருக்குத் திரும்பக் கிடைக்கும். பிறகு மஞ்சள் கொடியின் கீழ் எல்லோரும் மெதுவாகப் போகும்போது, சுற்றி வந்து கூட்டத்தின் வாலில் சேர்ந்துகொள்ளலாம்.

சொல்வது சுலபம். பின்தங்கிய காரை வைத்துக்கொண்டு முதல் காரை முந்த வேண்டும், மஞ்சள் விளக்கு எரிகிற நேரத்தில் சரியாக அதற்கு முன்னால் இருக்க வேண்டும். கேல் இதை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டியிருந்தது. சேறு அப்பிய காரில் செய்தும் காட்டினார். டானி தன் சுற்றை மீட்டதோடு நிற்காமல், மொத்தம் 93 சுற்றுகள் முதலிடத்தில் ஓடினார். அன்று வேறு யாரும் அவ்வளவு சுற்றுகள் முன்னணியில் இருக்கவில்லை. ரேஸின் கடைசிப் பகுதியில் இவர்கள் இருவர் மட்டும் தனியாகக் கழன்று போய்விட்டார்கள். மூன்றாவது இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெட்டி, டாரல் வால்ட்ரிப், ஏ. ஜே. ஃபாய்ட் மூவரும் அரைச் சுற்று பின்னால்.

கடைசிச் சுற்றில் சரியாக என்ன நடந்தது?

முதலில் ஒரு சின்ன விளக்கம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பின்னால் ஒட்டி வருகிற காருக்கு அந்த மறைவில் பாரம் குறையும். அதனால் பின்கார் கையில் கொஞ்சம் வேகத்தை மிச்சம் வைத்திருக்கும். சரியான இடத்தில் மறைவை விட்டு வெளியே வந்தால், அந்த மிச்ச வேகத்தில் முன்காரைத் தாண்டிவிடலாம். அதனால் அந்த நாள் டேடோனாவில் கடைசிச் சுற்றுக்குள் இரண்டாவதாக நுழைவதையே பல ஓட்டுநர்கள் விரும்பினார்கள். கேலும் அப்படித்தான் காத்திருந்தார். டானி முன்னால், கேல் பின்னால், கடைசிச் சுற்றைக் குறிக்கும் வெள்ளைக் கொடி விழுந்தது.

இரண்டாவது வளைவிலிருந்து பின்பக்க நேர்ப்பாதைக்குள் வந்ததும் கேல் உள்பக்கமாக, அதாவது இடப்பக்கமாக இறங்கினார். இது வரும் என்று டானிக்குத் தெரியும். அவரும் கீழே இறங்கி வழியை அடைத்தார். கேல் பின்வாங்கவில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் தடத்தை விட்டு ஈரப் புல்லில் இறங்கின. காலையிலிருந்து காயாமல் கிடந்த அதே புல். பிடிப்புப் போன கார் மேலே எகிறி டானியின் காரை இடித்தது. டானி திருப்பி இடித்தார். மறுபடி ஒட்டின, மறுபடி விலகின, கடைசியில் இரண்டு கார்களும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு மூன்றாவது வளைவின் வெளிச்சுவரில் போய் மோதி, சாய்வில் சறுக்கிக் கீழே புல்வெளியில் வந்து நின்றன. கோட்டுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மைல் இருந்தது.

சிபிஎஸ்ஸின் கேமராக்கள் இந்த இருவரையே தொடர்ந்துகொண்டிருந்தன. வர்ணனையாளர் கென் ஸ்குயர் மோதலைக் கத்திச் சொல்லி முடித்த கணத்தில் அடுத்த பிரச்சினை: அப்படியானால் இப்போது முதலாவது யார்? கேமரா தேடிப் பிடித்தபோது பெட்டியின் 43-ம் எண் கார் முன்னாலும், வால்ட்ரிப் அதன் வாலிலும் வந்துகொண்டிருந்தார்கள். இந்த ஒளிபரப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். திட்டமிட்டு எடுத்திருந்தால் இவ்வளவு பதற்றம் வந்திருக்காது.

யார் மேல் தப்பு?

டானி வழியை அடைத்தது அன்றைய விதிப்படி குற்றமில்லை. கடைசிச் சுற்றில் முதலில் போகிறவர் அதைச் செய்யாவிட்டால்தான் ஆச்சரியம். கேல் புல்லில் இறங்கியும் காலை எடுக்காதது தைரியம் என்றும் சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம். காலை எடுத்திருந்தால் இரண்டாவது இடம் உறுதி. ஆனால் இரண்டாவது இடத்துக்காக ஓட்டுகிறவர் மூன்று முறை தொடர்ந்து சாம்பியன் ஆகியிருக்க மாட்டார்.

நான் பார்த்தவரை, முதல் இடி கேலின் கட்டுப்பாட்டை மீறி விழுந்தது, அதற்குப் பிந்தைய இடிகளுக்கு இருவரும் பொறுப்பு. பாபி முன்னால் மெதுவாகப் போய் தன்னை மறித்தார் என்று கேல் அன்று டிவியிலேயே குற்றம் சாட்டினார். பதிவைப் போட்டுப் பார்த்தால் மோதல் நடந்த இடத்தில் பாபியின் கார் கிட்டத்திலேயே இல்லை. அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

பெட்டி ஜெயித்தது வெறும் அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. அது மட்டும் அல்ல. 1978 டிசம்பரில் அல்சருக்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்து வயிற்றில் ஏறக்குறைய 40 சதவீதத்தை எடுத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு கார் ஓட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் உத்தரவு. அதை மீறித்தான் ஓட்டினார். அந்த உடம்போடு 500 மைல் ஓட்டி, முன்னால் மோதல் நடந்ததும் மஞ்சள் விளக்கு எரிந்த நிலையிலும் கோட்டை நோக்கி முழு வேகத்தில் போட்டி போட வேண்டியிருந்தது. நான் மேலே சொன்ன அதே விதிதான் காரணம். இண்டி கார் என்ற வேறு வகை அமெரிக்கப் பந்தயத்தின் வழக்கம் கைவந்த ஃபாய்ட், மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். அங்கே விளக்கு எரிந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கடைசி நேரத்தில் வால்ட்ரிப் உள்பக்கமாக வரப் பார்த்தார், பெட்டி இறங்கி அடைத்தார். பின்பக்க நேர்ப்பாதையில் டானி செய்த அதே காரியம், பெட்டிக்குப் பலித்தது. ஒரு கார் நீள வித்தியாசத்தில் வெற்றி. அவருக்கு ஆறாவது டேடோனா 500.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1976-ல் இதே ரேஸின் கடைசி வளைவில் பெட்டியும் டேவிட் பியர்சனும் மோதிக்கொண்டார்கள். கோட்டுக்குச் சில அடி தூரத்தில் பெட்டியின் கார் நின்றுவிட, பியர்சன் நொறுங்கிய காரை ஊர்ந்து ஓட்டி ஜெயித்தார். அன்று கைநழுவியது 1979-ல் திரும்பி வந்தது என்று பெட்டி ரசிகர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சண்டையில் பாபி எப்படி வந்தார்?

பாபி பின்தங்கித்தான் ஓடிக்கொண்டிருந்தார். ரேஸ் முடிந்ததும் தம்பியின் கார் கிடந்த இடத்தில் நிறுத்தி, அணிகள் கார்களைக் கவனிக்கும் இடமான பிட் வரைக்கும் வருகிறாயா என்று கேட்டார். டானியும் கேலும் அதற்குள் வாக்குவாதத்தில் இருந்தார்கள். பாபியைப் பார்த்ததும் கேலுக்கு 32-வது சுற்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பாபி இன்னும் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போதே ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார். பாபி இறங்கினார். கேல் உதைக்க, பாபி காலைப் பிடிக்க, டானி கையில் ஹெல்மெட்டோடு நிற்க, அதுதான் உலகம் பார்த்த படம். உண்மையில் டானி அடி எதுவும் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. கேல் தன் மூக்கால் என் முஷ்டியை அடித்தார் என்று பாபி பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

தண்டனை கிடைத்ததா?

மூன்று பேருக்கும் தலா 6,000 டாலர் அபராதம். அடுத்த ரேஸ் ராக்கிங்ஹாமில். அங்கேயும் டானியும் கேலும் ஆரம்பச் சுற்றுகளிலேயே மோதிக்கொண்டார்கள், ஜெயித்தது பாபி.

இந்த ஒரு ரேஸ்தான் நாஸ்காரைத் தேசிய விளையாட்டாக்கியதா?

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஆனால் 500 மைல் ரேஸை முழுதாகக் காட்டினால் ஆட்கள் பார்ப்பார்கள் என்பதற்கு டிவி நிறுவனங்களுக்கு அன்று சான்று கிடைத்தது. சண்டைதான் பார்வையாளர்களைக் கொண்டுவந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. சண்டை தொடங்கும்போது அவர்கள் ஏற்கெனவே பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார வைத்தது ரேஸ்.

அந்த சீசன் முழுவதுமே அப்படித்தான் போயிற்று. சாம்பியன் பட்டத்தைப் பெட்டி வெறும் 11 புள்ளி வித்தியாசத்தில் வால்ட்ரிப்பிடமிருந்து பறித்தார், அவருடைய ஏழாவது பட்டம். டேடோனாவில் எட்டாவதாக வந்த புதுமுகம் ஒருவர் அந்த ஆண்டின் சிறந்த அறிமுக ஓட்டுநர் ஆனார். அவர் பெயர் டேல் எர்ன்ஹார்ட். பிறகு அவரும் ஏழு முறை சாம்பியன் ஆனார். 2001-ல், அதே பிப்ரவரி 18 அன்று, டேடோனா 500-இன் கடைசிச் சுற்றில் நடந்த விபத்தில் இறந்தார்.

இன்று இதே ரேஸ் நடந்தால்?

இரண்டு விதிகள் குறுக்கே நிற்கும். 2001 முதல் டேடோனாவில் உள்விளிம்பின் இரட்டை மஞ்சள் கோட்டுக்குக் கீழே இறங்கி முந்தக் கூடாது. கேலின் நகர்வு அங்கேயே செல்லாது. அடுத்தது, மஞ்சள் விளக்குக்குப் பிறகு கோடு வரை போட்டி போடும் வழக்கம் 2003 செப்டம்பரில் ஒழிக்கப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் உடைந்த கார் நேர்ப்பாதை நடுவே கிடக்க, மற்றவர்கள் அதைத் தாண்டி முழு வேகத்தில் வந்த பயங்கரம்தான் காரணம். அந்த டேல் ஜாரெட்டின் அப்பா நெட் ஜாரெட், 1979-ல் சிபிஎஸ்ஸுக்காக பிட்டில் நின்று செய்தி சொன்னவர். இப்போது விளக்கு எரிந்ததும் வரிசை உறைந்துவிடும், பின்தங்கியவர்களில் முதலாவதாக இருக்கும் ஒருவருக்கு ஒரு சுற்று இலவசமாகத் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பு முக்கியம், மாற்றம் சரிதான். ஆனால் கேலும் டானியும் அன்று மீட்ட சுற்றுகளின் மதிப்பு, இன்றைய விதியை மட்டும் தெரிந்தவர்களுக்கு எட்டாது.

டானி அலிசன் பிறகு டேடோனா 500 ஜெயித்தாரா?

இல்லை. கேல் மொத்தம் நான்கு முறை, பாபி மூன்று முறை, பெட்டி ஏழு முறை. டானிக்கு ஒன்றுகூட இல்லை. அன்று நான்காவது இடம் என்று அவர் பெயர் பதிவாயிற்று, கேலுக்கு ஐந்தாவது.

டானி சாதாரண ஓட்டுநர் அல்ல. 1970 மே மாதம் சார்லட்டில் வேர்ல்டு 600 என்ற நாஸ்கார் ரேஸை ஜெயித்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் இண்டியானாபோலிஸ் 500-இல் ஃபாய்டின் அணிக் காரில் நான்காவதாக வந்து சிறந்த புதுமுகம் என்ற பரிசும் வாங்கியவர். நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் பத்து வெற்றிகள். நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் பெட்டி 2010-லும், பாபி 2011-லும், கேல் 2012-லும் இடம்பெற்றார்கள். டானியைச் சேர்க்க 2024 வரை ஆயிற்று. அந்தத் தாமதத்துக்கு 1979-ன் கடைசிச் சுற்றும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அங்கே ஜெயித்திருந்தால் அவரை இவ்வளவு காலம் தள்ளி வைத்திருக்க முடியாது.

முழு ரேஸும் இணையத்தில் கிடைக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

நேரம் இருந்தால் முதலிலிருந்தே பாருங்கள். இல்லாவிட்டால் 32-வது சுற்றில் தொடங்குங்கள். மஞ்சள் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் 1-ம் எண்ணும் 11-ம் எண்ணும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வர்ணனை எப்போதும் முதலிடத்தைப் பற்றியே பேசும், சுற்றை மீட்கும் வேலை பாதி நேரம் அதன் ஓரத்தில் நடக்கும். கடைசி இருபது சுற்றுகளில் கேல் எத்தனை முறை டானியின் பக்கவாட்டில் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பின்னால் ஒட்டிக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள். அதைப் பார்த்த பிறகு கடைசி நேர்ப்பாதைக்கு வந்தால், டானி ஏன் அவ்வளவு உறுதியாக உள்பக்கம் இறங்கினார் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.